கடலிலே போட்டாலும் அளந்து போட வேண்டிய மருந்து

தடுப்பூசி என்ற சொல்லுக்குள்ளேயே ஊசி உட்கார்ந்திருக்கிறது. அதனால் மீனுக்கு வாய்வழித் தடுப்பூசி என்றதும், மீனின் வாயைப் பிளந்து ஊசி குத்துவார்களோ என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியொன்றும் விபரீதமில்லை. மருந்தைத் தீவனத்தில் கலந்து போடுகிறோம், மீன் தின்கிறது. அவ்வளவுதான். குழந்தைகளுக்குக் கொடுக்கிற போலியோ சொட்டு மருந்துக்கு இது பங்காளி முறை. ஆனால் பங்காளிகளுக்குள் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. இந்தத் துறையின் பாதித் தொல்லை அதிலிருந்துதான் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இனி இந்தக் கட்டுரையில் இதைத் தடுப்பு மருந்து என்றே சொல்லிக்கொள்ளலாம்.

பினாங்கில் பூலாவ் ஜெரெஜாக் பக்கமோ பூலாவ் அமான் பக்கமோ படகில் போனால், பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் மிதக்கும் மரச்சட்டங்கள் கண்ணில் படும். சட்டத்துக்குக் கீழே வலைப்பை தொங்கும். அதற்குள் சியாக்காப், கெராப்பு, ஜெனாஹாக் வளர்கின்றன. சியாக்காப் என்பது தமிழ்நாட்டில் கொடுவா, கெராப்பு என்பது கலவா. புக்கிட் தம்புன் கடைகளில் வேகவைத்துத் தட்டில் வருவதில் பெரும்பங்கு இப்படி வளர்ந்ததுதான். வலைக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே கடல்நீர். கோழிக்கொட்டகை மாதிரிக் கதவைச் சாத்தி, சுண்ணாம்பு தூவி, கிருமியை வெளியே நிறுத்த முடியாது. நெருக்கமாக வளர்கிற மீன்களுக்குள் கிருமி புகுந்துவிட்டால், வலையில் உரசிப் புண்ணான ஒரு மீனிலிருந்து கூண்டு முழுக்கப் பரவச் சில நாள் போதும்.

பினாங்குக்கு இதில் பழைய கணக்கே உண்டு. வளர்ப்பு கொடுவாயில் செதில் கொட்டும் நோயை முதன்முதலில் கவனித்தது 1992ஆம் ஆண்டு இங்கேதான். செதில்கள் உதிர்ந்து, தோல் வெளுத்து, மீன் சோர்ந்து மிதக்கும். அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறுதியானது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் அதன் கிட்டே நெருங்காது. விப்ரியோ ஹார்வேயி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே போன்ற பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யும். ஆனால் திறந்த கடலில் போடுகிற ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி, தின்னாத தீவனத்தோடும் மீனின் கழிவோடும் கடலடிச் சேற்றுக்குப் போகிறது. அங்கே வாழும் கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொள்கின்றன. அடுத்த தடவை அதே மருந்து பலிக்காது.

நார்வே சால்மன் பண்ணைகள் இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டன. 1987இல் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. எண்ணெய் சேர்த்த ஊசி மருந்து பரவலான பிறகு, 1990களின் நடுவில் அது ஒரு டன், ஒன்றரை டன் அளவுக்குச் சரிந்தது. அதே காலத்தில் மீன் உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. தடுப்பு மருந்து மீனுக்குப் பலிக்குமா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. ஊசி இல்லாமல் எப்படி என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி.

ஊசி ஏன் வேண்டாம்?

ஊசி மோசமான வழியல்ல. சொல்லப்போனால் அதுதான் இன்றைக்கும் மிக நம்பகமான வழி. 0.05 அல்லது 0.1 மில்லிலிட்டர் மருந்து ஒவ்வொரு மீனின் வயிற்றறைக்குள்ளும் போகும். எந்த மீனுக்கு எவ்வளவு போனது என்பதில் ஐயமே இருக்காது. ஆனால் அதற்கு மீனை வலையில் அள்ளி, மயக்க மருந்துத் தொட்டியில் விட்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் குத்தி, மறுபடி கூண்டில் விடவேண்டும். நார்வேயில் அதற்கு இயந்திரமே இருக்கிறது. ஆடுகிற பலகையில் நின்றுகொண்டு, முப்பது டிகிரி வெயிலில், நாலு பேர் சேர்ந்து ஆயிரக்கணக்கான சியாக்காப்பைக் குத்துவது வேறு கதை. கைபட்டதில் வழுவழுப்பும் செதிலும் போன மீன், எந்த நோய்க்கு மருந்து கொடுத்தோமோ அந்த நோயாலேயே மறுவாரம் சாகும். மேலும் பத்துப் பதினைந்து கிராமுக்குக் குறைந்த குஞ்சைக் குத்துவது கடினம். நோய் அதிகம் தாக்குவதோ அந்தப் பருவத்தில்.

இரண்டாவது வழி முக்குவது. நீர்த்த மருந்தில் குஞ்சுகளை அரை நிமிடம் ஒரு நிமிடம் முக்கி எடுப்பார்கள். செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் மருந்து உறைக்கும். பொரிப்பகத்தில் குஞ்சுகளுக்கு இது நல்ல ஏற்பாடு. மீன் பெருத்தபின் இதற்கு ஆகும் மருந்தின் அளவு கட்டாது.

மூன்றாவது வழிதான் வாய். மீனைத் தொட வேண்டாம், மயக்க வேண்டாம், எந்த அளவு மீனுக்கும் கொடுக்கலாம், கூண்டிலேயே திரும்பத் திரும்பவும் கொடுக்கலாம். கேட்க இவ்வளவு நன்றாக இருப்பதால் இதை யாரும் இதுவரை முயலவில்லை போலும் என்று நினைத்துவிடக் கூடாது. மீன் தடுப்பு மருந்தின் வரலாறே இதிலிருந்துதான் தொடங்குகிறது. 1942இல் டஃப் என்ற ஆய்வாளர், குளோரோஃபார்மில் கொன்ற பாக்டீரியாவைத் தீவனத்தில் கலந்து டிரவுட் மீன்களுக்குக் கொடுத்து, அவை நோயைத் தாங்கியதைக் காட்டினார். ஆனால் 1976இல் அமெரிக்காவில் வணிக உரிமம் பெற்று முதலில் சந்தைக்கு வந்தது வாய்வழி மருந்தல்ல, முக்கி எடுக்கிற வகை. முதலில் பிறந்தது பின்தங்கிப் போனதற்குக் காரணம் மீனின் வயிற்றில் இருக்கிறது.

மருந்து எங்கெங்கே தொலைகிறது

தடுப்பு மருந்தின் வேலை, கிருமியின் மேலுறைப் புரதங்களை உடம்புக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்து வைப்பது. பெரும்பாலும் கிருமியைக் கொன்று, உடல் குலையாமல் கொடுப்பார்கள். உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்பொருள் தயாரித்து வைத்துக்கொள்ளும். நிஜக் கிருமி வரும்போது தாமதிக்காமல் பாயும்.

இப்போது அந்தப் பங்காளி விஷயத்துக்கு வருவோம். போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள வைரஸ். இரண்டு சொட்டு போதும், குடலுக்குப் போய் அது தானே பெருகிக்கொள்ளும். மீன் தீவனத்தில் நாம் கலப்பது பெரும்பாலும் செத்த கிருமி. அது ஒன்றும் பெருகாது. வாயில் போனதில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுதான். வழியில் தொலைவதோ ஏராளம். உயிருள்ள கிருமியையே மீனுக்கும் கொடுக்கலாமே என்றால், கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பியில் கெளுத்தி மீன் குளங்களில், வலுவிழந்த எட்வர்ட்சியெல்லா கிருமியைத் தீவனத்தில் தெளித்துக் கொடுக்கும் முறை நன்றாக வேலை செய்கிறது. அது குளம், நாலு பக்கமும் கரை உண்டு. வலைக்கூண்டில் அப்படிச் செய்தால் உயிருள்ள கிருமியைப் பினாங்கு நீரிணையில் திறந்துவிடுவதாக ஆகும். அதற்கு அனுமதி கிடைப்பது எளிதல்ல, எளிதாக இருக்கவும் கூடாது.

ஆகவே செத்த கிருமியின் பயணத்தைத் தொடர்ந்து போவோம்.

முதல் இழப்பு தண்ணீரில். தீவன உருண்டையின் மேல் வெறுமனே தெளித்துக் காயவைத்த மருந்து, கடல்நீரில் விழுந்த நிமிடமே கரையத் தொடங்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் கடல்நீர் எடுத்து, உணவுச் சாயம் கலந்து தெளித்த பெல்லட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உருண்டை கீழே போகும்போதே பின்னால் வால் மாதிரி சாயம் இழுபடும். அந்த வால்தான் உங்கள் மருந்து. மீன் சுறுசுறுப்பாகப் பாய்ந்து கவ்வினால் இழப்பு குறைவு. மந்தமாக இருந்தால் நீரிணைக்கு மருந்து போட்ட புண்ணியம் சேரும்.

இரண்டாவது இழப்பு இரைப்பையில், இதுதான் பெரியது. கொடுவாய்க்கும் கெராப்புக்கும் திலாப்பியாவுக்கும் நம்மைப் போல அமிலம் சுரக்கும் இரைப்பை உண்டு. புரதத்தை அரைத்துக் கூழாக்குவதே அதன் தொழில். நாம் பாடுபட்டுக் காப்பாற்றிய மேலுறைப் புரதமும் அதற்கு ஒரு துண்டு நெத்திலியும் ஒன்றுதான். அரைபட்டுவிட்டால் அது சத்துணவு, தடுப்பு மருந்தல்ல. வேடிக்கை என்னவென்றால், சாதாரணக் கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. அதனால் இந்தத் தடை அதற்குக் குறைவு. கெண்டையில் பலித்தது என்று படித்துவிட்டு அதையே கொடுவாய்க்குச் செய்து ஏமாறுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இரைப்பையைத் தாண்டிய மிச்சம் குடலுக்குப் போகிறது. முன்குடலின் வேலை செரிமானம். மருந்து சேர வேண்டிய இடம் பின்குடல். அங்குள்ள செல்கள் பெரிய புரதத் துணுக்குகளையும் நுண்ணிய துகள்களையும் அரைக்காமல் முழுசாக விழுங்கி, கீழே காத்திருக்கும் எதிர்ப்புச் செல்களிடம் ஒப்படைக்கும். மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தச் செல் உற்பத்தி கிடையாது, நிணநீர்க் கணுக்களும் கிடையாது. தலைச் சிறுநீரகம், தைமஸ், மண்ணீரல் ஆகியவைதான் அதன் பாசறைகள். தோல், செவுள், குடல் மூன்றையும் போர்த்தியிருக்கும் வழுவழுப்பு அதன் கோட்டைச்சுவர். அந்தச் சுவருக்கென்றே ஒரு தனி எதிர்ப்பொருள் மீனில் இருப்பது 2005இல்தான் தெரியவந்தது. ஐஜிடி என்று அதற்குப் பெயர். ரத்தத்தில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் ஓங்கியிருக்க, குடல் வழுவழுப்பில் காவல் நிற்பதில் முக்கிய பங்கு ஐஜிடிக்கு என்று 2010இல் வானவில் டிரவுட்டில் காட்டினார்கள். வாய்வழி மருந்துமேல் நம்பிக்கை மீண்டதற்கு அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம். விப்ரியோவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் உள்ளே வருவது பெரும்பாலும் இந்தச் சுவர்களைத் தாண்டித்தானே.

மூன்றாவது ஒன்று உண்டு. அது இழப்பு அல்ல, தவறான அறிமுகம். குடல் ஒவ்வொரு நாளும் ஆயிரம் அந்நியப் புரதங்களைப் பார்க்கிறது. எல்லாவற்றோடும் சண்டைக்குப் போனால் எந்த உணவும் ஒத்துக்கொள்ளாது. அதனால் தினமும் வருவதை உணவு என்று முடிவு கட்டிவிடும். மருந்துத் தீவனத்தை மாதக்கணக்கில் விடாமல் போட்டால் மீன் பாதுகாப்புப் பெறுவதற்குப் பதிலாக அந்தக் கிருமியைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடலாம். நிறையப் போட்டால் நல்லதுதானே என்ற எண்ணம் இங்கே எடுபடாது. மிகச் சிறு குஞ்சுகளிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மருந்துக்கு மேலுறை

ஆக, ஆய்வுக்கூடங்களில் நடக்கிற வேலையில் பெரும்பகுதி மருந்தைக் கண்டுபிடிப்பதல்ல, அதைப் போர்த்தி அனுப்புவது. நமக்கு ஆறுதலான செய்தி, போர்வைக்கான பொருள்கள் எல்லாம் எளியவை.

ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பசை. சோடியம் ஆல்ஜினேட்டை 2 சதவீதம் அளவில் தண்ணீரில் கரைத்து, அதில் கொன்ற கிருமியைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே மணியாக இறுகிவிடும். செண்டோல் பிழிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. அந்த மணி இரைப்பை அமிலத்தில் சுருங்கி இறுகும், குடலின் காரத்தன்மைக்கு வந்ததும் ஊதி இளகி உள்ளிருப்பதை விடும். நமக்கு வேண்டியதும் அதுதான். சொட்டு மணி பெரிது என்பதால், நடைமுறையில் எண்ணெயில் கடைந்தோ நுண்துளை வழியே பீய்ச்சியோ மைக்ரான் அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

கைட்டோசான் இன்னொன்று. இறால் ஓட்டிலிருந்து கிடைப்பது. வழுவழுப்பில் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு, குடல் சுவரில் மருந்து தங்கி நிற்க உதவும். ஆனால் அமிலத்தில் கரைந்துவிடும். தனியாக அனுப்பினால் இரைப்பையிலேயே வேலை முடிந்தது. அதனால் உள்ளே ஆல்ஜினேட், மேலே கைட்டோசான் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மலேசியாவில் இதற்கு ஒரு உள்ளூர்க் கை சேர்ந்திருக்கிறது. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொன்ற கிருமியைச் செம்பனை எண்ணெயோடு சேர்த்துத் தீவனத்தில் கொடுக்கும் முறையைத் திலாப்பியாவிலும் சியாக்காப்பிலும் சோதித்து வந்திருக்கிறார்கள். எண்ணெய் இங்கே இரண்டு வேலை பார்க்கிறது. தண்ணீரில் கரையாமல் காக்கிறது, எதிர்ப்பு உணர்வையும் தூண்டிவிடுகிறது.

பெல்லட்டுக்கே பழகாத சிறு குஞ்சுக்கு வேறு உபாயம். ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறாலை ஒன்றிரண்டு மணி நேரம் மருந்துக் கரைசலில் நீந்தவிட்டால் அது வயிறு முட்டக் குடித்துக்கொள்ளும். பிறகு அலசி, குஞ்சுக்குப் போடுவார்கள். குஞ்சின் இரைப்பை இன்னும் சரியாக அமிலம் சுரக்காத பருவம் என்பதால் மருந்து தப்பிவிடும். மேலே சொன்ன பழகிப்போகும் ஆபத்து மட்டும் கூடவே நிற்கும்.

ஒரு கூண்டுக்குக் கணக்கு

விப்ரியோ ஹார்வேயிக்கு எதிரான எளிய வகையை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று புரிவதற்காக இது. பண்ணைக்காரர் கொட்டகையில் செய்கிற வேலையல்ல. நோய்க்கிருமி வளர்ப்பது பயிற்சியும் அனுமதியும் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும்.

கிருமியைச் செத்துக்கொண்டிருக்கும் மீனிலிருந்து எடுக்க வேண்டும், செத்து மிதப்பதிலிருந்து அல்ல. செத்த மீனில் அழுகல் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். தலைச் சிறுநீரகத்திலிருந்து ஊசிமுனை அளவு எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் பூசி, தனிக்கிருமியாகப் பிரிப்பார்கள். அது எந்தக் கிருமி, எந்த வகை என்று உறுதி செய்யாமல் மேலே போனால் பின்னால் செய்வதெல்லாம் வீண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேயில் ஒன்றுஏ, ஒன்றுபி, மூன்று என்று வகைகள் உண்டு. ஒன்றுக்குச் செய்த மருந்து மற்றதைத் தடுக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு உப்பு 1.5 சதவீதம் சேர்த்த ஊட்டக் கரைசலில், 30 டிகிரியில், 18 முதல் 24 மணி நேரம் வளர்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 100 கோடிக் கிருமி வந்ததும் ஃபார்மலின் 0.5 சதவீதம் சேர்த்து ஓரிரவு விட்டால் கிருமி சாகும், உருவம் குலையாது. சூட்டில் கொன்றால் மேலுறைப் புரதங்கள் வேகவைத்த முட்டைபோல் உருமாறிவிடும் என்பதால் ஃபார்மலினைத் தேர்கிறார்கள். அடுத்து, சுழற்றிப் படியவைத்து, உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவ வேண்டும். கழுவுவதில் சோம்பினால் ஃபார்மலின் வாடைக்கே மீன் தீவனத்தைத் துப்பும். கடைசியாக ஒரு துளியைத் தட்டில் பூசி மூன்று நாள் பார்ப்பது. ஒரு புள்ளி முளைத்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் குப்பை. இந்த மூன்று நாளைக் காத்திருக்காமல் போட்டவர், தன் மீனுக்குத் தானே நோய் கொடுத்தவர் ஆவார்.

இனிக் கணக்கு. 3 மீட்டர் கூண்டில் 30 கிராம் எடையுள்ள 1000 குஞ்சு என்று வைப்போம். மொத்த எடை 30 கிலோ. நாளுக்கு உடலெடையில் 4 சதவீதம் தீவனம் என்றால் 1.2 கிலோ. தொடர்ந்து 5 நாள் கொடுக்க 6 கிலோ மருந்துத் தீவனம் வேண்டும். ஒரு கிராம் தீவனத்தில் 100 கோடிக் கிருமி இருக்க வேண்டுமென்றால், ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் வளர்ப்புக் கரைசல் போகும். ஒரு லிட்டரை அப்படியே கொட்டினால் பெல்லட் கஞ்சியாகிவிடும். ஆகவே சுழற்றி 100 மில்லிலிட்டராகச் சுருக்கி, அதை ஒரு கிலோவுக்குத் தெளிக்க வேண்டும். 6 கிலோவுக்கு 6 லிட்டர் வளர்ப்பு, அதன் சுருக்கம் 600 மில்லிலிட்டர். இதே மருந்தை ஊசியில் கொடுத்தால் ஒரு மீனுக்கு ஆகிற அளவைவிட இது பல மடங்கு அதிகம். வாய்வழி மருந்தின் விலையைத் தீர்மானிப்பது இந்தப் பல மடங்குதான். உழைப்பு மிச்சம், மருந்து செலவு.

தெளிக்கும்போது பெல்லட்டைத் தட்டையான தட்டில் பரப்பி, பனித்துளிபோல் தெளித்து, கையுறையோடு புரட்டிப் புரட்டி விட வேண்டும். நிழலில் மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம். வெயிலில் காயவைக்கிற பழக்கம் நம்மிடம் வலுவானது, இங்கே அது கூடாது. பிறகு கிலோவுக்கு 50 மில்லிலிட்டர் எண்ணெய் பூசினால் மேல்மூடி தயார். செம்பனை எண்ணெய் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் கலங்கிக் கட்டியாக இருக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் பூசாவிட்டால் திட்டுத்திட்டாக ஒட்டும், ஒரு உருண்டைக்கு நிறைய, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை என்றாகும். ஆலையில் பெல்லட் பிழியும்போதே மருந்தைச் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். பிழியும் இயந்திரத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் தொழிற்சாலையிலும் பிழிந்து ஆறியபின், வெற்றிடத்தில் எண்ணெயோடு உள்ளே இழுக்கச் செய்கிறார்கள்.

மருந்துத் தீவனத்தில் ஈரம் அதிகம். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தால் அந்த 5 நாள் தாங்கும். பினாங்குப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே பூஞ்சை வாடை வரும்.

கூண்டின் மேல் நின்று

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மருந்துத் தீவனத்துக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும், ஏனென்றால் இங்கே தீவனம்தான் ஊசி, பசிதான் ஊசி போடுகிறவர். பசியில்லாத மீனுக்கு மருந்து போகாது.

முந்தைய நாள் தீவனத்தை நிறுத்தி வையுங்கள். நீரோட்டம் அடங்கிய நேரம் பார்த்துப் போடுங்கள். ஓட்டம் பலமாக இருந்தால் உருண்டை வலைக்கண் வழியே அடுத்தவர் கூண்டுக்குப் போய்விடும். ஒரே மூலையில் கொட்டினால் பெரிய மீன்கள் அந்த மூலையை வளைத்துக்கொள்ளும், சின்னது பின்னால் நின்று பார்க்கும். மூன்று நாலு இடத்தில் கைப்பிடி கைப்பிடியாக, முந்தையது தீர்ந்தபின் அடுத்தது என்று பதினைந்து இருபது நிமிடம் எடுத்துப் போட வேண்டும். கொடுவா தன்னினத்தையே தின்னும் மீன் என்பதால் குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரிப்பது எப்படியும் நடக்கிற வேலை. மருந்துக்கு முன் அதை முடித்து ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால், எல்லா வாய்க்கும் பங்கு போகும். உருண்டையின் அளவு கூட்டத்தில் சிறிய வாய்க்குப் பொருந்த வேண்டும், பெரிய வாய்க்கல்ல.

எத்தனை மீன் தின்றது என்று எப்படித் தெரியும்? மருந்து போடுவதற்குச் சில நாள் முன் ஒரு ஒத்திகை வையுங்கள். உணவுச் சாயம் பூசி எண்ணெய் மூடிய வெறும் தீவனத்தை வழக்கம்போலப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பல இடங்களிலிருந்து 30 மீன் எடுத்து, மயக்கி, அறுத்துப் பாருங்கள். 30இல் 6 மீனின் வயிற்றில் சாயம் இல்லையென்றால் கூட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மருந்து போயிருக்காது. 30 மீன் போகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை. மருந்து போடாத ஐந்தில் ஒன்று நோயை உள்ளே வைத்திருக்கும். ஈக்கான் பாஜா, அதாவது கழிவுமீனை வெட்டிப் போட்டு வளர்க்கிற கூண்டுகளில் இந்த ஒத்திகையே தேறாது. பெல்லட்டுக்குப் பழக்காத மீனுக்கு வாய்வழி மருந்து பற்றிப் பேசுவது வீண்.

ஆய்வுகளில் பரவலாகக் காணும் அட்டவணை, முதலில் 5 நாள், இரண்டாம் வாரம் ஒரு தடவை, ஆறாம் வாரம் இன்னொரு தடவை என்று போகும். நடுவில் வெறும் தீவனம். அந்த இடைவெளிதான் குடல் இதை உணவு என்று தள்ளிவிடாமல் காப்பது. நம் கடல்நீர் 28 முதல் 30 டிகிரி என்பதால் எதிர்ப்பொருள் இரண்டு மூன்று வாரத்தில் தலைகாட்டும். குளிர்நாட்டில் இதற்கு இரட்டிப்புக்கு மேல் ஆகும். மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டோடு போவதால் நாளை எண்ணாமல், நாளையும் டிகிரியையும் பெருக்கி எண்ணுவது அவர்கள் வழக்கம்.

எங்கள் கருத்தைக் கேட்டால், கொன்ற கிருமி வகையை முதல் மருந்தாக நம்புவதைவிட, பொரிப்பகத்தில் முக்கியோ ஊசியிலோ முதலில் கொடுத்துவிட்டு, கூண்டில் நினைவூட்டலுக்குத் தீவனத்தில் கொடுப்பது புத்திசாலித்தனம். ஒருமுறை பார்த்த முகத்தை உடம்பு கொஞ்சம் மருந்திலும் அடையாளம் கண்டுகொள்ளும். ஐரோப்பாவில் டிரவுட்டுக்கு விற்கும் வாய்வழி மருந்தும் இப்படி நினைவூட்டலாகப் பயன்படுவதுதான்.

பலித்ததா என்று பார்ப்பது

விளம்பரங்களில் 70 சதவீதப் பாதுகாப்பு என்று வரும். அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். மருந்து கொடுத்த 100 மீனையும் கொடுக்காத 100 மீனையும் நோய்க்கிருமிக்கு உட்படுத்துகிறார்கள். கொடுக்காததில் 70 சாகிறது, கொடுத்ததில் 21. 21ஐ 70ஆல் வகுத்தால் 0.3. ஒன்றிலிருந்து கழித்தால் 0.7, அதாவது 70 சதவீதம். இதைத்தான் ஒப்பீட்டு உயிர்பிழைப்பு என்கிறார்கள். இப்போது, கொடுக்காததில் 10 மட்டும் செத்து, கொடுத்ததில் 3 செத்திருந்தாலும் கணக்கு அதே 70 காட்டும். ஆனால் அந்தச் சோதனையில் நோயே சரியாகத் தாக்கவில்லை. அதனால் மருந்தில்லாத கூட்டத்தில் குறைந்தது 60 சதவீதம் செத்தால்தான் சோதனை செல்லும் என்பது இத்துறையில் பழைய விதி. அந்தக் கூட்டத்துக்கும் எண்ணெய் பூசிய தீவனம் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். எண்ணெய்க்கே கொஞ்சம் பலன் உண்டு.

இன்னொரு நுணுக்கம். சோதனையில் கிருமியை ஊசியில் வயிற்றுக்குள் செலுத்தினால், வாய்வழி மருந்து எழுப்பிய குடல், செவுள் சுவர்களை நேரே தாண்டிப் போனதாகிவிடும். நல்ல மருந்தும் அதில் தோற்கும். கிருமி கலந்த நீரில் விட்டோ, நோயுற்ற மீனோடு சேர்த்தோ செய்த சோதனைதான் கூண்டு வாழ்க்கைக்கு அருகில் வரும். ரத்தத்தில் மட்டும் எதிர்ப்பொருளை அளந்துவிட்டுப் பலனில்லை என்று கைகழுவுவதும் இதே பிழை. வழுவழுப்பிலும் அளந்து பார்க்க வேண்டும்.

மருந்துக்கு எட்டாத இடங்களும் உண்டு. நரம்பைத் தாக்கும் நோடா வைரஸ் கொடுவா, கெராப்புக் குஞ்சுகளைப் பொரித்த சில வாரத்துக்குள்ளேயே அள்ளிக்கொண்டு போகும். எதிர்ப்பு உறுப்புகள் முற்றாத அந்தப் பருவத்தில் எந்த வழியில் கொடுத்தாலும் பலன் குறைவு. அங்கே தாய்மீனைப் பரிசோதிப்பதும் பொரிப்பகத் தண்ணீரைச் சுத்தம் செய்வதும்தான் வேலை. தோல் ஒட்டுண்ணி மண்டிய மீனுக்கும் மருந்து வீண், முதலில் நன்னீரில் குளிப்பாட்டி ஒட்டுண்ணியை உதிர்க்க வேண்டும். ஏற்கெனவே சாவு தொடங்கிய கூண்டில் தடுப்பு மருந்து போடுவது வீடு எரியும்போது காப்புறுதிக்கு விண்ணப்பிப்பது மாதிரி.

கடைசியாக அடிக்கடி நேர்கிற ஒன்று. மருந்து வாரம் குறித்தாகிவிட்டது, இரண்டாம் நாள் இரவு கனமழை. காலையில் ஆற்றுநீர் இறங்கிக் கூண்டைச் சுற்றிக் கலங்கலாக நிற்கிறது, உப்பு இறங்கிவிட்டது, மீன் அடியில் ஒதுங்கி மேலே வரவில்லை. முதலில் ஒரு கைப்பிடி வெறும் தீவனம் போட்டுப் பாருங்கள். பாய்ந்து வராவிட்டால் மருந்துத் தீவனத்தைத் திறக்கவே வேண்டாம், குளிர்பெட்டியில் இருக்கட்டும். தண்ணீர் தெளிந்து மீன் மேலே வந்த நாளில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 5 நாள் கணக்கை முடியுங்கள். எந்த நாள் போட்டது, எவ்வளவு மிஞ்சியது, எந்த நாள் விட்டது என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆறாம் வாரம் எண்ணும்போது அந்தத் தேதி தேவைப்படும்.